என் அண்ணனுக்குக் கனடாவில் கடை இல்லை

1

என் அண்ணன் முனிராஜ் பொய் சொல்கிறான். அவனுக்குக் கனடாவில் கடை கிடையாது.

உங்கள் பத்திரிகையின் போன மாத இதழில் அவன் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் சிவப்புத் துண்டு. முன்னால் ஒரு மேஜை, மேஜை மேல் தக்காளி, தண்டுக்கீரை, பச்சை மிளகாய். கீழே 'கனடாவில் காய்கறிக் கடை நடத்தும் உத்தனப்பள்ளிக்காரர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படத்தின் இடது ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும். அது என்னுடையது. மிச்சம் இருந்த என்னை யாரோ கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருக்கிறார்கள். கேமரா என்னுடையது, பிலிம் என்னுடையது, கீரை என்னுடையது. படத்தில் அவனுடையது துண்டு மட்டும்தான்.

அண்ணனை 'அவன்' என்று எழுதுகிறேனே என்று ஆசிரியர் சங்கடப்பட வேண்டாம். 'அவர்' என்று திருத்தவும் வேண்டாம். மரியாதை எல்லாம் போன கோடை வரைக்கும் கொடுத்தாகிவிட்டது.

நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் ஏழு வருஷம் உட்கார்ந்தவள். வீட்டுக்காரர் பக்கத்துக் கம்பெனியில் டூல் ரூம் பிட்டர். அவருக்கு இங்கே கனடாவில் வேலை கிடைத்து, கைக்குழந்தையோடு வந்தோம். இந்த வருஷம் பனி உருகினால் பதினான்கு வருஷம். ஊர் ஏக்கம் பற்றி நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்தால் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். எனக்கு ஊர் மேல் ஏக்கம் இல்லை. கோபம்தான் இருக்கிறது. அதுவும் ஒரே ஒருத்தன் மேல்.

2

நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் சந்தையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி நூலகம் இருக்கிறது. கோடைக்காலத்தில் சனிக்கிழமை மத்தியானம் அதன் முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் விவசாயிகள் சந்தை போடுவார்கள். விளைத்தவரே கொண்டுவந்து விற்க வேண்டும், இடைத்தரகர் கூடாது என்பது சட்டம். இருபது மேஜை, இருபது குடை. தேன், பாலாடைக்கட்டி, சோளம், ஆப்பிள். ஓரத்தில் குழந்தைகள் ஏறிச் சுற்ற ஒரு குட்டைக் குதிரை.

வெயில் அடித்தால் இந்த ஊர் ஜனங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். பாதி உடம்புக்குத் துணி இல்லாமல் புல்லில் மல்லாந்து கிடப்பார்கள், வடகம் காயப்போட்ட மாதிரி. உத்தனப்பள்ளியில் அந்த நேரத்துக்கு நாய்கூட வண்டிக்கு அடியில் படுத்திருக்கும். முதல் வருஷம் நான் சந்தைக்குக் குடை பிடித்துக்கொண்டு போனேன். மழை வருமா என்று நாலு பேர் என்னைக் கேட்டார்கள்.

முதல் வருஷம் இன்னொன்றும் செய்தேன். கேரட் வாங்கிவிட்டு, பக்கத்தில் இருந்த கொத்தமல்லியில் நாலு காம்பைக் கொசுறாக எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கடைக்காரர் என்னையே பார்த்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து, அது திருட்டு என்று மெதுவாகச் சொன்னாள். கொசுறு இல்லாத வியாபாரம் ஒரு வியாபாரமா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு அந்தச் சந்தையில் ரொம்பப் பிடித்தது. விலையை அட்டையில் எழுதி வைத்திருப்பார்கள். ராயக்கோட்டைச் சந்தையில் எங்கள் அப்பா தக்காளிக் கூடைகளை இறக்கிவிட்டு, தன் தக்காளி என்ன விலைக்குப் போகிறது என்று தெரியாமல் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இங்கே அட்டையில் பெரிய எழுத்து. ஐந்து வயசுக் குழந்தையும் படிக்கலாம். நானும் ஒரு மேஜை போட வேண்டும், என் கையால் அட்டை எழுதி வைக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

பின்னால் கொல்லையில் புல்லைப் பிடுங்கிப் போட்டுத் தண்டுக்கீரை விதைத்தேன். இடுப்பு உயரம் வந்ததும் நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. 'தங்கள் கொல்லையில் களை மண்டியிருக்கிறது, பத்து நாளில் அகற்றவும்.' அகற்றவில்லை. பதினோராம் நாள் ஒரு அதிகாரி வந்தார். கையில் பட்டியல், பட்டியலில் என் கீரையின் படம், களை என்ற தலைப்பின் கீழ். அவரை உட்காரவைத்துக் கீரையைக் கடைந்து சோற்றில் போட்டுக் கொடுத்தேன். பயந்து பயந்து ஒரு வாய் வைத்தார். பிறகு தட்டைக் காலி செய்தார். காகிதத்தில் 'உணவுப் பயிர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் சந்தைக் கமிட்டிக்கு விண்ணப்பம் போட்டேன்.

இரண்டு கோடை காத்திருந்தேன். எதற்கு இவ்வளவு பிடிவாதம் என்று வீட்டுக்காரர் கேட்டார். சொன்னேன். இந்த நாட்டுக் காகிதங்களில் நான் முனுசாமியின் மனைவி, பவித்ராவின் அம்மா, 'சார்ந்திருப்பவர்'. என் ஓசூர் சர்வீஸ் சர்டிபிகேட் இங்கே செல்லாது. நாகரத்தினம் என்ற என் பெயர் மருந்துச் சீட்டில் மட்டும்தான் வருகிறது. அது மேஜை மேல் வர வேண்டும். அவ்வளவுதான்.

போன கோடையில் மேஜை வந்தது. முதலில் மூன்று சனிக்கிழமை சோதனைக்கு. மூன்றாவது சனிக்கிழமை கமிட்டித் தலைவி நேரில் வந்து பார்ப்பாள். அவளுக்குத் திருப்தி என்றால் மூன்று வருஷத்துக்கு அந்த இடம் நம்முடையது. என் மகள் பவித்ரா பலகையில் என் பெயரைப் பச்சை வர்ணத்தில் எழுதிக் கொடுத்தாள். அவளுக்குப் பதினாலு வயசு. வீட்டில் தமிழில் திட்டினால் ஆங்கிலத்தில் முணுமுணுப்பாள். என்னோடு கடைத்தெருவில் நடந்தால் பத்தடி பின்னால் வருவாள். அவள் அந்தப் பலகையை எழுதினாள் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

அந்த மூன்றாவது சனிக்கிழமைக்கு நாலு நாள் முன்னால் அண்ணன் வந்து இறங்கினான்.

3

அண்ணனைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: முனிராஜ் மாட்டுத் தரகன். குந்தாரப்பள்ளி வாரச் சந்தையில் அவனைத் தெரியாத மாடு கிடையாது. கன்னடத்தில் விலை சொல்லி, தெலுங்கில் சத்தியம் செய்து, தமிழில் திட்டுவான். விசா படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'புரோக்கர்' என்று எழுதவைத்திருக்கிறான். பங்குச் சந்தை ஆள் என்று நினைத்தார்களோ என்னவோ, கேள்வி கேட்காமல் முத்திரை குத்திவிட்டார்கள்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்வார்கள், மேலே ஒரு துண்டைப் போடுவார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்து அழுத்தித்தான் பேரம். எந்த விரல், எத்தனை விரல் என்பதில் எல்லாம் இருக்கிறது. சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருத்தருக்கும் விலை தெரியாது. துண்டு விழுந்துவிட்டால் பக்கத்தில் இருக்கிற யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் பேரம் முறிந்தது என்று அர்த்தம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவள். கம்பெனியில் சேர்ந்த மூன்றாம் வருஷம் போனஸ் பணத்தில் ஒரு கறவை மாடு வாங்க ஆசைப்பட்டேன். லீவு போட்டுவிட்டு அண்ணனோடு குந்தாரப்பள்ளி போனேன். குப்பம் பக்கத்து ஆள் ஒருத்தர் செவலை மாடு பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் அவர் கையைப் பிடித்தான், துண்டு விழுந்தது. இரண்டு பேர் முகமும் கல்லு மாதிரி இருக்கிறது. துண்டு மட்டும் உள்ளே எலி ஓடுகிற மாதிரி அசைகிறது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ணா, எவ்ளோ சொல்றாரு?" என்று கேட்டுவிட்டேன்.

மாட்டுக்காரர் கையை வெடுக்கென்று உருவினார். "பேரம் நடக்கச்ச வாய் வெச்சா மாடு பால் எறக்காது" என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போயே போய்விட்டார். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் நான்தான் அந்த மாடு.

"எவ்ளோன்னு கேக்கறா பாரு!" என்று அண்ணன் கத்தினான். "உன் வாயில எறும்பு கடிக்க! எவ்ளோன்னு கேக்கத்தான் சந்தைக்கு வந்தியா?"

"பின்ன எதுக்கு வந்தேன்? என் காசு தானே?"

"காசு உன்னுது. கை என்னுது. பொத்திகினு நில்லு."

அடுத்த வாரம் பத்தடி தள்ளி, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவன் ஒரு மாடு பிடித்துக் கொடுத்தான். நல்ல மாடுதான். அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் ஒருபக்கமாக எழுதினேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

4

அந்த மூன்றாவது சனிக்கிழமை நல்ல வெயில். நானும் பவித்ராவும் காலையிலேயே கீரை பறித்து, கழுவி, கட்டுக் கட்டி வைத்திருந்தோம். வீட்டுக்காரருக்கு ஷிப்ட். அண்ணன் தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளை வேட்டி கட்டி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

"நீ வீட்டுலயே இருணா. டி.வி. போட்டுத் தரேன்" என்றேன்.

"சந்தைன்னு சொல்லிட்டு என்னை வுட்டுட்டுப் போறியா? மீனைக் கரையில வுட்டுட்டுப் போவியா?" என்றான்.

போய்ச் சேர்ந்ததும் நாலு பக்கமும் பார்த்தான். "இன்னாம்மே இது, சந்தையா எழவு வூடா? ஒருத்தனும் கத்தலை. எழவு வூட்ல கூட நாலு சத்தம் கேக்கும்."

"இங்க யாரும் பேரம் பேச மாட்டாங்கணா. அட்டையில எழுதியிருக்கு பாரு, அதான் வெலை."

"எழுதிட்டா? அப்புறம் மனுசனுக்கு இன்னா வேலை?"

அரைமணி நேரம் சும்மா இருந்தான். பிறகு ஆளைக் காணோம். பார்த்தால் குட்டைக் குதிரையின் வாயைப் பிளந்து பல்லை எண்ணிக்கொண்டிருக்கிறான். மேலே ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது. குழந்தையின் அப்பா வாயைத் திறந்தபடி நிற்கிறார். ஆக இரண்டு வாய் திறந்திருந்தது. ஓடிப்போய் இழுத்து வந்தேன்.

"பல்லு தேஞ்சிருக்குது. கெழடு. இதைக் கொயந்தைக்குக் குடுத்து ஏமாத்தறானுங்க. சொல்லு அந்தாளுகிட்ட."

"யாரும் அதை வாங்கலணா! ஏறிச் சுத்தறதுக்குத்தான்!"

பவித்ரா அப்போதே பாலாடைக்கட்டிக் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். எங்களை முன்பின் பார்த்தே இராதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கமிட்டித் தலைவி வந்தாள். டோரத்தி என்று பெயர். எழுபது வயசு, வைக்கோல் தொப்பி, கையில் அட்டையில் செருகிய படிவம். நாற்பது வருஷம் மாட்டுப் பண்ணை வைத்திருந்தவள். என் கீரையை முகர்ந்து பார்த்தாள். தக்காளியை உருட்டிப் பார்த்தாள். நகராட்சிக் காகிதத்தைப் படித்துச் சிரித்தாள். பிறகு பேனாவைத் திறந்து, "சரி, மேஜையை யார் பெயரில் எழுதட்டும்?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அண்ணன் குறுக்கே வந்துவிட்டான்.

"இன்னா கேக்கறா இந்தம்மா? வாடகையா?" என்றான். என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டோரத்தியின் வலது கையைப் பிடித்தான். துண்டை உருவி மேலே போட்டான்.

டோரத்தி திடுக்கிட்டாள். கையை உருவவில்லை. தொப்பிக்குக் கீழே கண்ணை இடுக்கி அவனைப் பார்த்தாள். அண்ணன் முகம் கல்லாகிவிட்டது. துண்டு அசைந்தது. ஒரு விரல், இரண்டு விரல். நாற்பது வருஷம் பால் கறந்த கை அது. அவளும் பதிலுக்கு அழுத்தினாள். அண்ணன் புருவம் ஏறியது. மறுபடி அழுத்தினான். அவளும் விடவில்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து நின்று பார்க்கிறார்கள். தேன் விற்கிறவர் கைதட்டுகிறார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டடி தூரம். 'அம்மா, இவனுக்கும் இந்தக் கீரைக்கும் சம்பந்தம் இல்லை, எழுது, நாகரத்தினம்' என்று ஆங்கிலத்தில் சொல்ல எனக்குத் தெரியும். அதை வீட்டில் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். துண்டு விழுந்திருக்கிறது, பேரம் முறிந்துவிடக் கூடாது. என் மண்டையில் அந்த நேரம் ஓடியது இவ்வளவுதான். பதின்மூன்று வருஷம் பனியில் கிடந்தும், கோபத்துக்குப் பேர் போன எனக்கு, துண்டைப் பார்த்ததும் வாய் தானாகப் பூட்டிக்கொண்டது. அந்தப் பேரத்தில் பேசுவதற்கு ஒன்றும் இல்லை என்று தெரியும். வாடகை எல்லோருக்கும் ஒன்று, அச்சடித்த காகிதத்தில் இருக்கிறது. தெரிந்தும் நின்றேன்.

"ஆயித்து!" என்று அண்ணன் பேரம் முடிந்ததைக் கன்னடத்தில் சொல்லித் துண்டை எடுத்தான்.

டோரத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். இப்படி ஒரு கைகுலுக்கலைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றாள். பேனாவை அவனிடமே நீட்டினாள். என் அண்ணனுக்கு ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அவன் பெயர். காட்டிய இடத்தில் வளைத்து வளைத்துப் போட்டான். நான் "இல்லை, இல்லை" என்று ஆரம்பித்தபோது அவள் இரண்டு மேஜை தள்ளிப் போயிருந்தாள்.

"கை பலமான கை," என்றான் அண்ணன். "இவ மாட்டுக்காரி. வாடகையைப் பாதியா கொறைச்சுட்டேன் பாரு."

குறைக்கவில்லை. ஒரு காசு குறைக்கவில்லை. குந்தாரப்பள்ளி டீக்கடையில் அவன் சொல்லிக்கொண்டு திரிகிற அந்தப் பாதி வாடகைக் கதையும் பொய்.

சாயங்காலம் காரில் போகும்போது பவித்ரா பின்சீட்டிலிருந்து தமிழில் கேட்டாள். அவளாகத் தமிழில் பேசி எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

"எல்லாரையும் திட்டற. அங்க மட்டும் ஏம்மா சும்மா நின்ன?"

சாலையில் வண்டி அதிகம், பேசாமல் வா என்று சொன்னேன்.

5

பத்து நாளில் கமிட்டிக் கடிதம் வந்தது. 'அன்புள்ள திரு. முனிராஜ், தங்கள் பண்ணைக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேஜை ஒதுக்கப்பட்டுள்ளது.' கூடவே அவர்களே அச்சடித்த பெயர்ப்பலகை, முனிராஜ் பண்ணை என்று. அதைத்தான் மாட்ட வேண்டுமாம். பவித்ரா எழுதிய பலகை கார் ஷெட்டில் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது.

அண்ணன் இரண்டு மாதம் இருந்து, மூன்று கிலோ ஏறி, பிளேன் பிடித்துப் போய்விட்டான். மிச்சக் கோடை முழுக்க அவன் பெயரைத் தலைக்கு மேல் மாட்டிக்கொண்டு நான் கீரை விற்றேன். இதில் உச்சம் என்ன தெரியுமா? வாங்க வருகிறவர்கள் எல்லாம் என்னைத் 'திருமதி முனிராஜ்' என்று கூப்பிடுகிறார்கள். கூடப் பிறந்தவனுக்கு என்னைக் கட்டிவைத்துவிட்டது இந்த ஊர். என் வீட்டுக்காரர் ஒருநாள் எனக்குச் சோறு கொண்டுவந்தார். தேன் விற்கிறவர் அவரிடம் ரகசியமாக, 'முனிராஜுக்குத் தெரியுமா?' என்று கேட்டாராம். இவர் வீட்டுக்கு வந்து தரையில் உருண்டு சிரித்தார். உத்தனப்பள்ளியில் இருக்கிற நிஜமான திருமதி முனிராஜ், எங்கள் அண்ணி, இதைப் படித்தால் அவரும் சிரிக்கட்டும். சிரித்து முடித்ததும் புருஷனை ஒரு வார்த்தை கேட்கட்டும்.

டோரத்தியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நல்லவள். ரொம்ப வருத்தப்பட்டாள். ஆனால் இந்த ஊரில் வருத்தம் வேறு, காகிதம் வேறு. ஒரு முகவரிக்கு ஒரு மேஜைதான். பெயர் மாற்ற வேண்டுமானால் இப்போது பெயர் உள்ளவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். பனி உருகி அடுத்த சந்தை தொடங்குவதற்கு முன்னால் படிவம் கமிட்டி கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் இரண்டு வருஷம் நான் முனிராஜ் பண்ணை.

படிவத்தை அண்ணனுக்கு அனுப்பினேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். பதில் இல்லை. கடைசியில் போனில் பிடித்தேன்.

"படிவம் வந்துச்சாணா?"

"வந்துகினு இருக்கும், வந்துகினு இருக்கும்."

"ரெண்டு மாசமாவா?"

"ஏம்மே, பேரு யாருதா இருந்தா இன்னா? வித்தது நீதானே? இங்க சந்தைக்குப் போனா பாரின் கடைக்காரர்னு எழுந்து நின்னு டீ சொல்றானுங்க. நாலு நாள் இருந்துட்டுப் போவட்டுமே. பாக்கலாம்."

அந்த 'பாக்கலாம்' எனக்குத் தெரியாதா? மாடு வேண்டாம் என்று சொல்ல மனசில்லாதவனுக்கும், கொடுக்க மனசில்லாதவனுக்கும் சந்தையில் ஒரே வார்த்தைதான். அப்புறம்தான் அவன் படம் உங்கள் பத்திரிகையில் வந்தது.

என் அண்ணன் கெட்டவன் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் நான் வேலைக்குப் போக அப்பா ஒப்புக்கொள்ளாதபோது, தினமும் விடியற்காலையில் சைக்கிளில் என்னைப் பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டவன் அவன்தான். அதனால்தான் எரிகிறது. வேறு எவனாவது இருந்தால் மானம் கெட்டவனே என்று இரண்டு வரி எழுதிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருப்பேன்.

பவித்ரா காரில் கேட்ட கேள்விக்கு நான் இதுவரை பதில் சொல்லவில்லை. இப்போது ஊரே படிக்கும்படி எழுதிவிட்டேன். அன்றைக்கு நான் வாய் திறக்காதது என் தப்பு. யாரும் என் வாயைப் பொத்தவில்லை, நானே பொத்திக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தும் பெயர் போட்டுச் சொல்கிறேன்.

இனி உன் முறை. அண்ணா, முனிராஜு, நீ இதே பத்திரிகையில், அடுத்த இதழில், உன் பெயரைப் போட்டு எழுது. எழுத வரவில்லை என்றால் நீ சொல்லச் சொல்ல அண்ணியை எழுதவை. அந்தக் கீரையை விதைத்தது யார்? தண்ணீர் ஊற்றியது யார்? அந்த மேஜை யாருடையது? படிவத்தில் கையெழுத்துப் போடுவாயா, மாட்டாயா? காதில் சொல்லாதே, போனில் சொல்லாதே, பாக்கலாம் என்று சொல்லாதே. குந்தாரப்பள்ளிச் சந்தையில் நிற்கிற அத்தனை பேரும் படிக்கும்படி சொல்.

நாகரத்தினம்